ஃபியூனரல் ஹோம்: மலர்ச்சாலை

இறந்தவரின் உடலைப் பெற்று, குளிரில் வைத்து, பதப்படுத்தி, உடுத்திப் பெட்டியில் கிடத்தி, உறவினர் வந்து பார்க்க வைத்து, பிறகு அடக்கத்துக்கோ தகனத்துக்கோ அனுப்பும் தொழிலகம். வட அமெரிக்க வழக்கு.

சாவுக்கும் 'ஹோமு'க்கும் என்ன தொடர்பு? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உடல் வீட்டின் முன்கூடத்தில்தான் கிடந்தது. சவப்பெட்டி செய்தவர் பெரும்பாலும் ஊர்த் தச்சர் அல்லது மேசை நாற்காலிக் கடைக்காரர். மற்ற ஏற்பாடுகளையும் அவரே பொறுப்பேற்றதால் 'அண்டர்டேக்கர்' ஆனார். 1861–65 உள்நாட்டுப் போரில், மாண்ட வீரர்களைத் தொலைவிலுள்ள சொந்த ஊருக்கு அனுப்ப எம்பாமிங், அதாவது உடலைப் பதப்படுத்துதல், பரவியது. கழுத்துத் தமனி வழியே மருந்தை ஏற்றி, சிரை வழியே இரத்தத்தை வடிப்பார்கள். இன்றைய கைக்கணக்கு, 50 பவுண்டு எடைக்கு ஒரு கேலன் கரைசல். இதற்கு வடிகாலுள்ள மேசையும் பம்பும் காற்றோட்டமும் வேண்டும். ஆகவே வேலை மெல்ல வீட்டை விட்டுத் தொழிலகத்துக்குப் போயிற்று. பெரிய பழைய வீடுகள் பல இப்படி மாறின. 'வீடு' பெயரில் தங்கிவிட்டது. 1895இல் 'மார்ட்டீஷியன்' என்ற சொல்லையும் இத்தொழிலினர் படைத்துக்கொண்டார்கள். ஃபிசிஷியன் (மருத்துவர்) போல ஒலிக்க வேண்டுமாம்!

கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'செமிட்டரி'யும் இடக்கரடக்கல்தான். கிரேக்க 'கொய்மெத்தேரியோன்', உறங்கும் இடம். நகரத் தேவாலய வளாகங்கள் நிரம்பியபின் 1831இல் பாஸ்டனுக்கு வெளியே மவுண்ட் ஆபர்ன் தோட்டம் உருவானது. அடுத்த திருப்பம் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய கிளென்டேல். அங்கே 1906இல் தொடங்கிய ஃபாரஸ்ட் லானை 1917இல் ஹியூபர்ட் ஈட்டன் ஏற்று, நிமிர்ந்த கல்லறைக்கற்களை ஒதுக்கி, புல்மட்டத்தில் பதித்த வெண்கலப் பட்டயங்களைக் கொண்டுவந்தார். பெயரும் 'மெமோரியல் பார்க்', நினைவுப் பூங்கா. 1933இல் வளாகத்துக்குள்ளேயே மார்ச்சுவரியும், அதாவது ஃபியூனரல் ஹோமும், திறந்தது. உடலைப் பெறுவதிலிருந்து குழி மூடுவது வரை எல்லாம் ஒரே வாசலுக்குள் வந்தன.

பட்டயம் படுத்திருப்பதில் அழகு பாதி, சிக்கனம் பாதி. புல்வெட்டும் எந்திரம் தடையில்லாமல் மேலேயே ஓடும். ஆனால் மரப்பெட்டி உளுத்து நொறுங்கினால் மண் உள்வாங்கி மேலே பள்ளம் விழும். அதனால்தான் பெட்டியைச் சுற்றி ஒரு காங்கிரீட் உறை வைக்கச் சொல்கிறார்கள். இது பொதுவாகத் தோட்டத்தின் விதி, அரசுச் சட்டமன்று. பட்டயமே சரிவதும் உண்டு. ஓரப் புல்லை வெட்டாவிட்டால் சில பருவங்களில் எழுத்து மறையும்.

தமிழாக்கத்தில் முதல் வழுக்கல் 'மார்ச்சுவரி'. நம் மருத்துவமனையில் அது பிணவறை. கலிஃபோர்னியாவில் ஃபியூனரல் ஹோமின் மறுபெயர். அங்குள்ள பெயர்ப்பலகையைப் 'பிணவறை' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். 'இறுதிச்சடங்கு இல்லம்' அகராதிக்குச் சரி, யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நிலைத்த சொல் இல்லாததற்குக் காரணம் எளிது: இங்கே ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறது; உடல் வெளியே போய்க் காத்திருப்பதில்லை. பதப்படுத்துவது பரவலாக உள்ள இலங்கையில் தொழிலகமும் உண்டு, சொல்லும் உண்டு: மலர்ச்சாலை. சிங்களத்தில் 'மல் ஷாலாவ' என்பதும் இதே பொருளில் இதே அமைப்பு. இருக்கிற சொல்லை விட்டுப் புதிது படைப்பானேன்?

செமிட்டரிக்குக் கல்லறைத் தோட்டம் பொருந்தும். யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் சேமக்காலை என்பர், தமிழ் முஸ்லிம்கள் மையவாடி என்பர். இடுகாடு இன்று புதைக்கும் இடம்தான். ஆனால் மணிமேகலை ஈம முறைகளை அடுக்கும்போது 'இடுவோர்' வேறு, 'தொடுகுழிப் படுப்போர்' (தோண்டிய குழியில் புதைப்போர்) வேறு. இடுதல் அங்கே வெறுமனே போட்டுவிட்டு வருவது. சுடுகாட்டைச் செமிட்டரிக்கு ஈடாக்கக் கூடாது.

விலைப்பட்டியலை மொழிபெயர்ப்பவர் கவனிக்க: 1984 முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, நேரில் கேட்பவருக்குப் பொருள்வாரி விலைப்பட்டியல் தர வேண்டும். அதில் 'எம்பாமிங்' பதப்படுத்தல். எல்லாச் சாவுக்கும் சட்டம் அதைக் கேட்பதில்லை. 'வியூயிங்' பார்வை. டொராண்டோத் தமிழரின் மரண அறிவித்தல்களில் பார்வைக்கு, கிரியை, தகனம் என்று நேரங்கள் தனித்தனியே அச்சாகின்றன. அந்த மூன்றையும் அப்படியே எடுத்தாளலாம்.