பட்டா நிலம், ஆற்றுப் புறம்போக்கு, வேட்டை: எல்லைக்கல் தீர்க்காத கேள்வி

பவானி ஆற்றை ஒட்டி நான்கு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், வனத்துறையின் அழைப்பாணையோடு வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்து ஊர் இளைஞர்கள் இருவர் அவர் தோட்டத்துத் தடம் வழியே இரவில் ஆற்றுக்கு இறங்கி, கொக்குக்கும் மடையானுக்கும் கண்ணி வைத்துப் பிடிபட்டிருந்தார்கள். "கண்ணி இருந்தது ஆற்றுப் புறம்போக்கில்தானே சார், என் பட்டாவில் இல்லையே" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இடம் யாருடையது என்பது நில வழக்குக்கு உயிரான கேள்வி. வேட்டை வழக்கில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன் 9ஆம் பிரிவு விதிக்கும் தடை காட்டுக்கு மட்டுமல்ல, பட்டா நிலத்துக்கும் ஆற்றுப் படுகைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். சுடுவது மட்டுமே வேட்டை என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், இரை காட்டி இழுப்பதும், இவற்றுக்கான முயற்சியும்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். முன்பு உரிமம் பெற்று வேட்டையாடியதைப் பெரியவர்கள் நினைவுகூர்வது உண்மையே. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது.

வழிவிட்டவர் கதை சற்றுச் சிக்கலானது. உடந்தையாக இருப்பவரையும் குற்றம் செய்தவராகவே 52ஆம் பிரிவு கருதுகிறது. தெரிந்தே தடத்தைத் திறந்துவிட்டாரா, மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று நம்பினாரா என்பதில்தான் என் கட்சிக்காரரின் நிலை தொங்கியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மயில் போன்ற, சட்டத்தின் முதல் அட்டவணையில் உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை என்பதையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் உண்டு என்பதையும் அவரிடம் சொன்னபோது, அருகில் இருந்த அவருடைய மகன் முகம் வெளுத்துப் போனான்.

பன்றி பயிரை அழிக்கிறதே என்ற நியாயமான குமுறலுக்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. பன்றி போன்ற இரண்டாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்டால், அதை வேட்டையாட அனுமதிக்கும் அதிகாரத்தைத் தலைமை வனவுயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரமளித்த அலுவலருக்கும் 11ஆம் பிரிவு தருகிறது. ஆகவே சேதத்தைப் படமெடுத்து, வனச்சரக அலுவலரிடம் மனுக் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வருவதற்குள் அவுட்டுக்காய் (இரைக்குள் மறைத்த நாட்டு வெடி) வைத்தவர்களுக்காக நான் வாதாடியிருக்கிறேன். பன்றிக்கு வைத்ததை யானை கடித்துவிட்டால் வழக்கின் நிறமே மாறிவிடும்.

தடத்தை அடைக்க நினைப்பவர்கள் முதலில் புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவை வரைபடத்தை, பார்க்க வேண்டும்; அதில் பொதுப் பாதையாகப் பதிவாகியிருந்தால் படல் போடும் உரிமை உங்களுக்கு இல்லை. என் கட்சிக்காரருடைய தடம் முழுக்க அவருடைய பட்டாவுக்குள்ளேயே இருந்தது. இப்போது இருட்டியதும் படலைச் சாத்திவிடுகிறார்; பகலில் தூண்டிலோடு வருபவர்களை முன்போலவே விடுகிறார்.