சீஃபும் ஷெஃபும் ஒரே தலை

‘ஆபீஸில் இருப்பவர் சீஃப், ஹோட்டல் அடுப்படியில் இருப்பவர் ஷெஃப். ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பிறகு ஏன் ஒன்று ‘ச்ச’, இன்னொன்று ‘ஷ’?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இரண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் தலைக்கு ‘காபுட்’ என்று பெயர். அது பிரெஞ்சில் தேய்ந்து, தலைவனையும் குறித்தது. வால் தேய்ந்ததை விடுங்கள், எல்லா மொழியிலும் நடப்பதுதான். முதல் எழுத்தான ‘க’ என்ன ஆனது என்பதில்தான் சுவாரசியம்.

‘கூ’ என்று சொல்லிவிட்டு ‘கீ’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் நாக்கு அண்ணத்தைத் தொடும் இடம் முன்னால் நகர்ந்திருக்கும். அடுத்து வரும் ‘ஈ’க்கு நாக்கு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் அது ‘ச்ச’தான். வடக்கு பிரான்சின் பெரும்பகுதியில் ‘அ’வுக்கு முன்புகூட இது நடந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் 1300 வாக்கில் அந்த ‘ச்ச’வோடு சீஃபை வாங்கிக்கொண்டார்கள். பிரெஞ்சிலோ 13ஆம் நூற்றாண்டிலேயே ‘ச்ச’ நைந்து ‘ஷ’ ஆகத் தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அதே சொல்லை மறுபடி கடன் வாங்கியபோது ஷெஃப் வந்தது. சேம்பர், சேர் எல்லாம் பழைய சரக்கு. மெஷின், ஷாம்பெய்ன் பின்னால் வந்தவை.

1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் ஊர்ப் பேச்சில் ‘அ’வுக்கு முன்னால் வரும் ‘க’ மாறவே இல்லை. அதனால்தான் பிரெஞ்சில் ஷாத்தோ, ஆங்கிலத்தில் கேஸில். மாறிய பகுதிக்கும் மாறாத பகுதிக்கும் நடுவே ஷார்ல் ஜோரே என்ற பிரெஞ்சு மொழி ஆய்வாளர் 1883இல் காட்டிய எல்லைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

‘கில்’ என்றால் ‘கொல்’, ஆகவே ஆங்கிலமே தமிழ்தான் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் படிப்பதே இல்லை. ஒரு சொல் ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம். விதி ஒத்துப்போக வேண்டும்.

அப்படி ஒரு விதி தமிழிலேயே இருக்கிறது. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே கெம்பு, இங்கே சிவப்பு. இ, எ முன்னால் ‘க’ நம்மிடமும் ‘ச’ ஆகியிருக்கிறது. சரி, அப்படியானால் கிளி ஏன் ‘சிளி’ ஆகவில்லை? கெடு, கிணறு, கீழ் ஏன் தப்பித்தன? அடுத்து வரும் மெய்யைக் கவனியுங்கள்: ள, ட, ண, ழ. எல்லாமே நாக்கை வளைத்துச் சொல்பவை. முன்னால் நழுவப் பார்த்த நாக்கை அடுத்த எழுத்து பின்னால் பிடித்து இழுத்துவிட்டது.