முதல் வரியை நீக்கினால் கடைசி வரி ஏன் காணாமல் போகிறது?

ஒரு காய்கறி லிஸ்ட் ஆப் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலே வரி: கத்தரிக்காய், தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி, அதை ஒட்டி ஒரு டெலிட் பட்டன். கத்தரிக்காய்க்கு ‘பிஞ்சாக’, தக்காளிக்கு ‘நாட்டுத் தக்காளி’, வெங்காயத்துக்கு ‘சின்னது’, முருங்கைக்காய்க்கு ‘இரண்டு போதும்’ என்று அடித்து வைத்திருக்கிறீர்கள். கத்தரிக்காய் வீட்டிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த வரியின் டெலிட்டை அழுத்துகிறீர்கள்.

கத்தரிக்காய் போய்விட்டது, சரி. ஆனால் இப்போது தக்காளிக்குப் பக்கத்தில் ‘பிஞ்சாக’ என்று இருக்கிறது, வெங்காயத்துக்கு ‘நாட்டுத் தக்காளி’, முருங்கைக்காய்க்கு ‘சின்னது’. ‘இரண்டு போதும்’ எங்கேயும் இல்லை. பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன, குறிப்புகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. வெப் பக்கத் திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டில் எழுதுகிற யாரும் ஒரு தடவையாவது இதைப் பார்த்து முழித்திருப்பார்கள். நானும்தான்.

ஏன் இப்படி? திரையில் தெரியும் லிஸ்ட் ஒன்றுதான், ஆனால் அது மூன்று இடத்தில் இருக்கிறது: ஜாவாஸ்கிரிப்ட் அர்ரேவில், அதாவது நிரலுக்குள் இருக்கும் வரிசைப் பட்டியலில் ஒன்று, ‘போன முறை என்ன வரைந்தேன்’ என்று ரியாக்ட் தன் ஞாபகத்தில் வைத்திருப்பது ஒன்று, பிரவுசர் திரையில் காட்டுகிற டாம் மரம் (பக்கத்தின் உறுப்புகளைக் கிளை கிளையாக வைத்திருக்கும் அமைப்பு) ஒன்று. நீங்கள் முதலாவதில் ஒரு வரியை எடுக்கிறீர்கள். ரியாக்ட் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது போனது என்று ஊகித்து, டாமில் அதை மட்டும் வெட்டுகிறது. ஊகிக்கிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இரண்டு மரங்களுக்கு நடுவே மிகக் குறைந்த மாற்றம் எது என்று கறாராகக் கண்டுபிடிக்கும் பொதுவான வழியில், 1000 உறுப்புகள் இருந்தால் 100 கோடி ஒப்பீடு வரை போகும். ஒரு பட்டன் அழுத்தியதற்கு அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. அதனால் 2013-ல் ஃபேஸ்புக் ரியாக்டை வெளியிட்டபோதே ஒரு குறுக்குவழியோடுதான் வந்தது: ஒவ்வொரு வரிக்கும் ‘கீ’ என்று ஓர் அடையாளத்தை நீங்களே கொடுங்கள், அதை வைத்து எது எது என்று நான் தெரிந்துகொள்கிறேன்.

அந்தக் கீயில்தான் நாம் சொதப்புகிறோம். கீ கொடுக்காவிட்டால் பிரவுசரில் பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் எச்சரிக்கை வரும், அதன் வாயை மூட வரியின் இண்டெக்ஸையே, அதாவது 0, 1, 2, 3 என்ற வரிசை எண்ணையே கீயாகப் போட்டுவிடுகிறோம். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் போய்விட்டால் இரண்டாவது ஆள் முதல் ஆளாகிவிடுவார் இல்லையா, அதே கதைதான். கத்தரிக்காய் போனதும் தக்காளி 0 ஆகிறது, வெங்காயம் 1, முருங்கைக்காய் 2. ரியாக்ட் பார்க்கிறது: ‘0 இருக்கிறது, 1 இருக்கிறது, 2 இருக்கிறது, 3-ஐத்தான் காணோம்.’ உடனே நாலாவது வரியைப் பெட்டியோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, மேலே இருக்கும் மூன்று வரிகளிலும் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறது. பெட்டிக்குள் நீங்கள் அடித்தது அர்ரேவில் இல்லை, டாமில் இருக்கிறது, அதனால் அதை யாரும் தொடவில்லை. ரியாக்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கொடுத்த தகவலுக்கு அது சரியாகத்தான் வேலை பார்த்திருக்கிறது.

இது ரியாக்டுக்கு மட்டும் வரும் வியாதியும் இல்லை. ரியாக்டைப் போலவே திரை கட்ட உதவும் வியூவிலும் கீயாக இண்டெக்ஸ் கொடுத்தால் இதே கூத்து நடக்கும், அதே ரகமான ஸ்வெல்ட்டில் கீ இல்லாமல் லிஸ்ட் போட்டால் அதுவும் கடைசியிலிருந்துதான் வெட்டும். மருந்து எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பொருள் லிஸ்டில் சேரும்போதே அதற்கு ஒரு ஐடி கொடுத்துவிட வேண்டும், வரிசையில் எங்கே நின்றாலும் அது மாறக்கூடாது. சிலர் வரைகிற நேரத்தில் ரேண்டம் எண் ஒன்றை உருவாக்கிக் கீயாகப் போடுகிறார்கள். அது இன்னும் மோசம். ஒவ்வொரு முறை வரையும்போதும் எல்லா வரியும் புது ஆளாகத் தெரிவதால் மொத்தத்தையும் இடித்துக் கட்டும், பெட்டியில் அடித்துக்கொண்டிருக்கும்போது அப்படி வரைந்தால் கர்சர் எகிறிப் போய்விடும்.

அப்புறம் அர்ரே பக்கம். ஜாவாஸ்கிரிப்டில் டெலிட் என்றே ஒரு சொல் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் ஆசையாக அதை எடுப்பார்கள். அது அந்த இடத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும், நீளம் குறையாது, திரையில் மூன்று காய் இருக்கும், கீழே ‘மொத்தம் 4’ என்று இருக்கும். அர்ரேவில் இடத்தைச் சொல்லி நீக்கும் ஸ்ப்லைஸ் என்ற கட்டளை ஒழுங்காக எடுத்துவிட்டுப் பின்னால் இருப்பதை முன்னால் நகர்த்தும், ஆனால் அதே அர்ரேவை உள்ளுக்குள் மாற்றும். ரியாக்டோ ‘இது போன முறை வந்த அதே அர்ரேதானா’ என்று மட்டும்தான் பார்க்கும். டிபன் கேரியர் அதேதான் என்றால் உள்ளே சோறு இருக்கிறதா என்று திறந்து பார்க்காது. அதனால் திரையில் ஒன்றுமே நடக்காது. பிறகு வேறு எங்கோ ஏதோ மாறி அந்தப் பகுதி மறுபடி வரையப்படும்போது, நீக்கிய வரி திடீரென்று மறையும், பேய் வந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி. (வியூ இதில் வேறு ரகம், ஸ்ப்லைஸ் செய்தாலே அதற்குத் தெரிந்துவிடும்.)

ஆகவே ஃபில்டர் என்ற கட்டளை: ‘இந்த ஐடி இல்லாத மற்றதையெல்லாம் போட்டு ஒரு புது அர்ரே கொடு.’ ஒவ்வொரு முறையும் நகல் எடுப்பது வீண் செலவு இல்லையா என்று கேட்பார்கள். நகலாவது காய்கள் அல்ல, காய்கள் இருக்கும் முகவரிகள் மட்டும்தான். ஸ்ப்லைஸும் பின்னால் இருப்பதை நகர்த்தத்தானே வேண்டும்? டாமைத் தொடும் செலவுக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை. ஜாவாஸ்கிரிப்டின் 2023 பதிப்பில் டுஸ்ப்லைஸ்டு என்று நகல் கொடுக்கும் தம்பி ஒருவனும் வந்துவிட்டான், ஆனால் அவனும் ஐடியைக் கேட்பதில்லை, இடத்தைத்தான் கேட்கிறான்.

இடத்தைக் கேட்பதில் இன்னொரு வம்பு இருக்கிறது, அதில் எனக்கு ஒரு ராத்திரி போனது. ஒரு சின்னக் கடைக்காக எழுதிய ஆப். ‘ஒன்றை நீக்கினால் இரண்டு போகிறது, அதுவும் எப்போதாவதுதான்’ என்று போன் வந்தது. நான் நூறு தடவை அழுத்திப் பார்த்தேன், ஒன்றுதான் போனது. பிறகுதான் புரிந்தது, கடைக்காரர் சில நேரம் மௌஸில் டபுள் கிளிக் செய்துவிடுவார். நான் அழகுக்காக வரி மெல்ல மங்கி மறையும்படி வைத்திருந்தேன், அந்த 300 மில்லிசெகண்ட் அதே பட்டன் உயிரோடு இருந்தது. முதல் கிளிக்கில் பொருள் போயிற்று. இரண்டாவது கிளிக்கில் தேடினால் கிடைக்கவில்லை, ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தரும் பதில் -1. அந்த -1-ஐ அப்படியே ஸ்ப்லைஸிடம் கொடுத்தால் அது ‘கடைசியிலிருந்து ஒன்றாவது’ என்று எடுத்துக்கொள்ளும். கடைசி வரி காலி. ஃபில்டராக இருந்திருந்தால் பத்து தடவை அழுத்தினாலும் போக வேண்டியது ஒன்றுதான்.

டிக் செய்தவற்றையெல்லாம் மொத்தமாக நீக்கும்போதும் இதே குடும்பத்துப் பிழை வரும். 0-விலிருந்து சுற்றிக்கொண்டே ஸ்ப்லைஸ் செய்தால், ஒன்று போனதும் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும், நீங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அடுத்தடுத்து இரண்டு டிக் இருந்தால் இரண்டாவது தப்பிக்கும். பின்னாலிருந்து சுற்றுங்கள், அல்லது மறுபடியும் ஃபில்டர்.

எல்லாம் சரியாகச் செய்தும் பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. மௌஸ் இல்லாமல் டேப் கீயில் வந்து டெலிட்டை அழுத்துபவருக்கு, அழுத்திய பட்டனே வரியோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. ஃபோகஸ், அதாவது கீபோர்டு இப்போது எந்த உறுப்பில் நிற்கிறது என்பது, நிற்க இடமில்லாமல் மொத்த வெப் பக்கத்துக்கே போய்விடும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்பவருக்கு லிஸ்டில் எங்கே இருந்தோம் என்பதே தொலைந்துவிடும். ஃபோகஸை அடுத்த வரியின் பட்டனுக்கு நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த அடுத்த வரி எது என்று நீக்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நீக்கிவிட்டுத் தேடினால் வரப்போவது அந்த -1தான்.