பிரிலிம்ஸ் எழுதிய மறுநாள் எங்கே போனீர்கள்?

போன வாரம் ஒரு பையன் வந்து எதிரே உட்கார்ந்தான். பேங்க் பி.ஓ. (அதிகாரி வேலை) தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸில் மூன்று செக்‌ஷனிலும் கட் ஆஃப் என்கிற தேர்ச்சி மார்க்கைத் தாராளமாகத் தாண்டியவன், அடுத்த கட்டமான மெயின்ஸில் போய்விட்டது. "ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரியே படிக்க உட்கார்ந்துட்டேன் சார், டைம் பத்தல" என்றான். சரி, பிரிலிம்ஸ் எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை என்னப்பா பண்ணினாய் என்று கேட்டேன். "வெயிட் பண்ணினேன் சார்."

வங்கித் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த "வெயிட் பண்ணினேன் சார்" எத்தனையாவது முறை என்று எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024இல் பொதுத்துறை வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்திய பி.ஓ. தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிலிம்ஸ் அக்டோபர் 19, 20. ரிசல்ட் நவம்பர் 21. மெயின்ஸ் நவம்பர் 30. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவனுக்குக் கிடைத்தது ஒன்பது நாள், அதிலும் ஒரு நாள் சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ணுவதில் போயிருக்கும். காத்திருக்காதவனுக்கு நாற்பது நாள். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியது ஒரே கேள்வித்தாளைத்தான்.

எனக்கு எரிச்சல் வருவது சோம்பேறித்தனத்தைப் பார்த்து இல்லை. இவர்கள் யாரும் சோம்பேறிகளே இல்லை, தினமும் எட்டு மணி நேரம் படிக்கிறவர்கள். பிரச்சினை என்னவென்றால் பிரிலிம்ஸ்தான் பரீட்சை, மெயின்ஸ் அதற்குப் பிறகு வரும் ஏதோ ஒன்று என்று மனசுக்குள் பதிந்துபோயிருக்கிறது. தயவுசெய்து கேளுங்கள்: பிரிலிம்ஸ் மார்க் இறுதிப் பட்டியலில் சேராது. ஒரு மார்க்கூடச் சேராது. 95 வாங்கினாலும் சரி, கட் ஆஃபை உரசிக்கொண்டு உள்ளே வந்தாலும் சரி, மெயின்ஸ் ஹாலில் இருவரும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஐ.பி.பி.எஸ். தேர்வில் வேலை முடிவாவது மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்ற கணக்கில். இதைச் சொன்னால் எல்லோரும் "தெரியும் சார்" என்று தலையாட்டுவார்கள். தெரிந்துமா அறுபது நிமிடப் பரீட்சைக்குப் பத்து மாதமும் மெயின்ஸுக்குப் பத்து நாளும் ஒதுக்கினீர்கள்?

காத்திருக்கும்போது சும்மா இருப்பார்களா என்றால் அதுவும் இல்லை. யூடியூபில் 'எக்ஸ்பெக்டட் கட் ஆஃப்' வீடியோ பார்ப்பார்கள். ஒருவர் 52 என்பார், அடுத்தவர் 58 என்பார், இவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்புவார்கள்: "72 அட்டெம்ப்ட் சார், கிடைக்குமா?" எனக்கு எப்படியப்பா தெரியும்? அந்த 2024 தேர்வில் ஐ.பி.பி.எஸ். கேள்வித்தாளும் வெளியிடவில்லை, ஆன்ஸர் கீயும் தரவில்லை. பல ஷிஃப்டில் நடக்கிற தேர்வு என்பதால் மார்க்கை வேறு சமன்படுத்துகிறார்கள். ஞாபகத்தில் இருக்கும் நாலு கேள்வியை வைத்து ஒரு மாதம் ஜோசியம் பார்ப்பதற்குப் பதில் அந்த மாதத்தில் இரண்டு மாதக் கரண்ட் அஃபேர்ஸை முடித்திருக்கலாம்.

ஏன் கரண்ட் அஃபேர்ஸ் என்கிறேன் என்றால், பிரிலிம்ஸில் ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் மூன்றுதான், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். பொது அறிவும் வங்கி, பொருளாதாரமும் மெயின்ஸில்தான் முதல்முறையாக வந்து நிற்கும். அது பத்து நாளில் விழுங்குகிற பாடம் இல்லை. அந்தப் பையனிடம் ரெப்போ ரேட் எவ்வளவு என்று கேட்டேன், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணோடு பட்டென்று சொன்னான். சரி, அது யார் யாருக்குக் கொடுக்கிற கடனுக்கான வட்டி என்று கேட்டேன். மேலே ஃபேனைப் பார்த்தான். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனுக்கானது அது. அதேபோல வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் கட்டாயம் ஒதுக்கிவைக்க வேண்டிய இரண்டு பங்குகள் சி.ஆர்.ஆர்., எஸ்.எல்.ஆர். இதில் சி.ஆர்.ஆர். பணம் ரிசர்வ் வங்கியிடம் இருக்கும், அதற்கு வட்டி கிடையாது, எஸ்.எல்.ஆர்.-ஐ வங்கி தன்னிடமே அரசுப் பத்திரமாகவோ தங்கமாகவோ ரொக்கமாகவோ வைத்திருக்கும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை புரிந்துகொண்டவனை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் அசைக்க முடியாது. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்குக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் போச்சு.

அப்புறம் டிஸ்கிரிப்டிவ், அதாவது மெயின்ஸில் பதிலை நாமே எழுத வேண்டிய பகுதி. 25 மார்க், அரை மணி நேரம், ஆங்கிலத்தில், அதுவும் கீபோர்டில் டைப் அடிக்க வேண்டும். போனில் இரண்டு கட்டைவிரலால் பறக்கிற பிள்ளைகள் கீபோர்டு முன்னால் தந்தி அடிக்கிறார்கள். இவனையும் என் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து ஒரு கட்டுரை அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தான், பெரிய எழுத்து வேண்டுமென்றால் கேப்ஸ் லாக்கை அழுத்தி, அடித்து, மறுபடி அதை அணைத்தான். பத்து நிமிடத்தில் நாலு வரி. விஷயம் தெரியும், ஆங்கிலமும் மோசமில்லை, விரல்தான் வரவில்லை. தினமும் இருபது நிமிடம் டைப் அடித்துப் பழகினால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். ரிசல்ட் வந்த பிறகு ஏது ஒரு மாதம்?

அதனால் பிரிலிம்ஸ் எழுதிய அன்று நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் காலை மெயின்ஸ் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) ஒன்று எழுதுங்கள், மார்க் கேவலமாகத்தான் வரும், வரட்டும். எழுதிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் அதைத் திருத்த உட்காருங்கள். மாக் டெஸ்ட்டுகளை எண்ணிக்கைக்காக எழுதிக் குவிக்காதீர்கள், எந்த பசிலில் ஏன் பன்னிரண்டு நிமிடம் விட்டோம் என்று பாருங்கள். தெரியாத கேள்வியில் கைபோன போக்கில் குத்தாதீர்கள்: ஐந்து விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், கால் மார்க் கழிவோடு சேர்த்துச் சராசரியாக உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம்தான். இரண்டு விடைகளை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மட்டும் துணியலாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது "ரிசல்ட் வந்துச்சா" என்று கேட்காதீர்கள். வந்தால் அவர்களே சொல்வார்கள். நீங்கள் கேட்கக் கேட்க அந்தப் பிள்ளை புத்தகத்தை விட்டுவிட்டு வெப்சைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைகள் வருடாவருடம் மாட்டிக்கொள்வது. ஓ.பி.சி. என்று விண்ணப்பத்தில் போட்டால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வரியோடு, அறிவிப்பில் கேட்ட தேதிக்குள் வாங்கிய சான்றிதழ் வேண்டும். வீட்டு பீரோவில் இருக்கும் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே எடுபடாது. இன்டர்வியூ மேசையில் போய் அழுது பயனில்லை.

கிளம்பும்போது அந்தப் பையனிடம் இதையும் கேட்டுவைத்தேன், ஓ.பி.சி. சான்றிதழ் வாங்கிவிட்டாயா என்று.

"இன்டர்வியூ வரட்டும் சார், வாங்கிக்கலாம்" என்றான்.