டிஃபரென்ஷியலும் எக்ஸாஸ்டும்: சுழற்பகிர்வி, அரைப்பூட்டு, புகைமதகு

பாகூர் ஏரிப் பாசன வயல்களில் சேற்றுழவு நடக்கும் நாள்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. டிராக்டரின் ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சேற்றை வாரி இறைத்தபடி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். வரப்போரம் கெட்டி மண்ணில் நிற்கும் மறுசக்கரமோ அசையாது. ஓட்டுநர் காலடியில் உள்ள சிறிய மிதியைக் குதிகாலால் அழுத்துவார். உள்ளே ‘டக்’ என்று ஒன்று விழும் ஓசை கேட்கும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் புரண்டு வண்டியை மேலேற்றிவிடும். அந்த மிதியை எல்லோரும் ‘டிஃப் லாக்’ என்கிறார்கள். பந்தயச் சாயல் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் விவரப் பட்டியலில் ஒரு நாட்டுக்கு ஒன்றாகவும் இன்னொரு நாட்டுக்கு வேறாகவும் அச்சிடப்படும் டிஃபரென்ஷியலும், இந்த மிதி பூட்டும் உறுப்பும் ஒன்றே. திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்வது அது. அதற்கும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்டுக்கும் தமிழில் என்ன பெயர் பொருந்தும் என்று பார்ப்போம்.

டிஃபரென்ஷியல் என்னும் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘டிஸ்’ என்றால் தனித்தனியே; ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், கொண்டுபோதல். வெவ்வேறு பக்கம் கொண்டுபோவது என்னும் அந்தப் பொருளே பின்னர் வேறுபாடு என்றாயிற்று. கணிதம் இதே சொல்லை எடுத்துக்கொண்டபோது தமிழில் அதற்கு ‘வகையீடு’ என்று பெயரிட்டோம். கணிதத்துக்கு அது பொருத்தமான சொல். அகராதியில் கண்டவுடன் அதை அப்படியே பட்டறைக்கு இழுத்துவந்து ‘வகையீட்டுப் பல்லிணை’ என்று எழுதினால், சக்கரத்துக்கும் நுண்கணிதத்துக்கும் என்ன உறவு என்று படிப்பவர் குழம்புவார். உறவு எதுவும் இல்லை. பெயர் மட்டுமே ஒன்று.

இந்தப் பொறியமைப்புக்கு 1827இல் உரிமம் பெற்றவர் பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர். நீராவியால் ஓடும் வண்டிக்காக அவர் இதை வடிவமைத்தார். அப்போது புதுச்சேரியை ஆண்டவர்களும் பிரெஞ்சுக்காரர்களே என்றாலும், இங்குள்ள மாட்டு வண்டிகளுக்கு இந்த உறுப்பு தேவைப்படவே இல்லை. இருசு நிலையாக நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தத்தம் போக்கில் சுற்றுவதால், திருப்பத்தில் ஒன்று விரைந்தும் மற்றொன்று மெதுவாகவும் ஓடத் தடையில்லை. மாடு இழுப்பது வண்டியை, சக்கரத்தை அன்று. சக்கரத்தையே எந்திரம் சுழற்ற வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

சிக்கல் எவ்வளவு பெரியது என்பதைப் புதுச்சேரியின் பழைய நகரிலேயே அளந்து பார்க்கலாம். அங்குள்ள தெருக்கள் பெரும்பாலும் செங்கோணத்தில் சந்திப்பவை. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி 1.5 மீட்டர் உள்ள கார் அப்படி ஒரு முனையில் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.36 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். திருப்பத்தை இறுக்கமாக எடுத்தாலும் அகலமாக எடுத்தாலும் இந்த எண் மாறாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கியிருந்தால் அந்த 2.36 மீட்டரும் டயரைத் தரையில் தேய்த்தே கழிய வேண்டும்.

இதைத் தீர்ப்பதற்காக, எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைப் பெறும் கிரவுன் சக்கரத்தின் கூட்டுக்குள் சிறு பற்சக்கரங்களை வைத்து, இரு பக்கத்துக்கும் சுழற்சியைப் பகிர்ந்து தருகிறார்கள். இரு சக்கரங்களின் வேகங்களையும் கூட்டினால் எப்போதும் கிரவுன் வேகத்தைப் போல இரு மடங்கு வரும். ஒன்றில் குறைவது மற்றொன்றில் கூடும். முறுக்கு விசையோ இரு பக்கமும் சமமாகவே போகும். சேற்றில் சிக்கிய சக்கரத்தைச் சுற்ற மிகச் சிறிய விசை போதும் என்பதால், கெட்டி மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சிறிய விசையே கிடைக்கிறது. ஆகவே அது அசையாமல் நிற்கிறது. ‘வேறுபாட்டுப் பல்லிணை’ என்ற பெயர் தவறன்று; ஆனால் அது விளைவைச் சொல்கிறதேயன்றிச் செயலைச் சொல்லவில்லை. முன்னும் பின்னும் அடைமொழிகள் சேரும்போது நாக்கிலும் நிற்பதில்லை. எனவே நான் ‘சுழற்பகிர்வி’ என்று எழுதுகிறேன்.

விவரப் பட்டியல்களில் உண்மையான குழப்பம் இதற்கு அடுத்த சொல்லில்தான். ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுவதை ஓரளவு தடுக்கும் சுழற்பகிர்வியை ஆங்கிலத்தில் ‘லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்’ என்கிறார்கள், சுருக்கமாக எல்.எஸ்.டி. ‘வரம்புறு வழுக்கல்’ என்று பெயர்த்தால், வழுக்குவதற்கென்றே செய்த பொருளோ என்று தோன்றும். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஓத்தோபிளோக்கான்’ என்பதுண்டு. தானாகப் பூட்டிக்கொள்வது என்று பொருள். ஜெர்மானியர்கள் ‘ஷ்பெர்’ என்று, தடுப்பதை வைத்தே பெயரிட்டார்கள். கடலூர் சாலையில் உள்ள ஒரு பட்டறையில் காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தபோது மெக்கானிக் ஒருவர் எனக்கு இதைக் கையாலேயே காட்டினார். சாதாரணக் காரில் ஒரு சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் மறுசக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. பக்கத்தில் நின்ற, உராய்வுத் தட்டுகள் கொண்ட எல்.எஸ்.டி. பொருத்திய காரில், இரண்டும் ஒரே பக்கம் சுற்றின. “டிராக்டர்ல இருக்கிறது முழு லாக்கு, இது அரை லாக்கு, அவ்வளவுதான் சார்” என்றார். ‘அரைப்பூட்டுச் சுழற்பகிர்வி’ என்பதில் என் பங்கு ‘லாக்’கைப் பூட்டாக்கியது மட்டுமே. பூட்டில்லாததைத் திறந்த சுழற்பகிர்வி என்றும், டிராக்டரில் இருப்பதை முழுப்பூட்டு என்றும் சொல்லிவிட்டால் மூன்றும் ஒரே வரிசையில் அமைந்துவிடுகின்றன.

அரைப்பூட்டிலும் வகைகள் உண்டு. தட்டுகளின் உராய்வால் பூட்டுவது ஒன்று. பிசுபிசுப்பான நீர்மத்தின் தடையால் பூட்டுவது இன்னொன்று. 1958இல் வெர்னன் கிளீஸ்மன் வடிவமைத்த, திருகுப் பற்சக்கரங்களால் இயங்கும் டார்சென் மற்றொன்று. டார்சென் என்பது முறுக்கு விசையைக் குறிக்கும் ‘டார்க்’, உணர்வதைக் குறிக்கும் ‘சென்சிங்’ என்ற இரு சொற்களின் தலைகளை ஒட்டிச் செய்த வணிகப் பெயர். அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

மாஸ்டாவின் எம்.எக்ஸ்.-5 என்னும் இரு இருக்கைக் காரின் முதல் தலைமுறையில், 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்த அரைப்பூட்டு பிசுபிசுப்பு வகை, 1.8 லிட்டர் வந்த பிறகு டார்சென். அதே காரின் நான்காம் தலைமுறை ஜப்பானில் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வெளிவந்தபோது, ‘எஸ்’ என்னும் அடிப்படை வகையில் எடையைக் குறைக்கும் பொருட்டுத் திறந்த சுழற்பகிர்வியே இருந்தது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் இன்னும் தெளிவான சான்று. 1996இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்தே ஜப்பானில் அதன் பின்னச்சில், இரு சக்கரங்களுக்கும் விசையைக் கூட்டிக் குறைத்துத் தரும் மின்னணுச் சுழற்பகிர்வி கிடைத்தது. 2003இல் அமெரிக்காவுக்குச் சென்ற எட்டாம் பதிப்பிலோ அது இல்லை. சாதாரண அரைப்பூட்டே இருந்தது. காரின் பெயரும் உருவமும் ஒன்றுபோல இருக்க, அடியில் இருப்பது வேறு. சந்தையின் பெயரைச் சேர்த்துச் சொல்லாமல் ‘இந்தக் காரில் எல்.எஸ்.டி. உண்டு’ என்று எழுதுவது பாதி உண்மையே.

எழுத்தில் நேரும் இந்தப் பிழை எண்ணெயிலும் வந்து முடியும். தட்டுவகை அரைப்பூட்டுக்கு உராய்வைச் சீர்செய்யும் சேர்மானம் கலந்த கியர் ஆயில் வேண்டும். வேறொரு நாட்டுக்கான கையேட்டைப் பார்த்துச் சாதாரண ஆயிலை ஊற்றிய கார் ஒன்றில் நான் பயணம் செய்திருக்கிறேன்; குறுகிய தெருமுனை ஒவ்வொன்றிலும் பின்பக்கம் பல்லைக் கடிப்பதுபோல் அதிர்ந்தது.

இன்னொரு மயக்கத்தையும் குறிப்பிட வேண்டும். ‘டிஃப் மாத்தியாச்சு’ என்று ஒருவர் சொன்னால் அவர் அரைப்பூட்டைப் பொருத்தியிருக்கலாம், அல்லது கிரவுன் சக்கரத்தையும் அதைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனையும் மட்டும் மாற்றியிருக்கலாம். பின்னது பல்விகிதத்தைப் பற்றியது, 4.1 என்றால் பினியன் 4.1 முறை சுற்றும்போது கிரவுன் ஒரு முறை சுற்றுகிறது. இதற்கு ‘இறுதிப் பல்விகிதம்’ என்று தனிப்பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

இனி எக்ஸாஸ்ட். இதன் இலத்தீன் வேரைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ‘ஹௌரீரே’ என்றால் நீர் இறைத்தல். முன்னே ‘எக்ஸ்’ சேர்ந்தால் இறைத்து வற்றச் செய்தல். எஞ்சினின் உருளைக்குள் எரிந்து முடிந்த வளியை வெளியே இறைத்துக் கொட்டுவதே எக்ஸாஸ்ட். பிரெஞ்சில் இது ‘எஷாப்மான்’, அதாவது தப்பியோடுதல். பிடித்தவன் கையில் மேலங்கியை விட்டுவிட்டு ஓடுவதிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் ‘புகைபோக்கி’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது சமையலறைக் கூரையைத்தான் நினைவூட்டுகிறது. குழாய்க்குப் ‘புகைக்குழாய்’ போதும். அதன் வழியே செல்வது ‘கழிவுவளி’. சைலன்சர் என்னும் பிரிட்டிஷ் சொல்லை, பேச்சு வழக்கில் முழுக் குழாய்க்கும் பெயராக்கிவிட்டோம். உண்மையில் அது ஒலியைத் தணிக்கிறதே தவிர அமைதியைத் தருவதில்லை. ஆகவே ‘ஒலித்தணிப்பி’ என்பது ஒலியடக்கியைவிட நேர்மையான பெயர்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் புகைக்குழாய்க்குள் ஒரு மடல் இருக்கும். மூடியிருந்தால் கழிவுவளி ஒலித்தணிப்பியின் அறைகளைச் சுற்றிச் செல்லும். திறந்தால் நேர்வழியில் வெளியேறும், ஓசை உயரும். ஏரி மதகின் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் இதுதானே? வேர்ச்சொல்லே நீர் இறைப்பிலிருந்து வந்திருக்க, இதைப் ‘புகைமதகு’ என்றழைப்பதில் தயக்கம் வேண்டாம். ஃபோர்டு மஸ்டாங்கில் அமைதி, இயல்பு, ஸ்போர்ட், பந்தயத் தடம் என்று ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் நான்கு புகைமதகு அமைவுகள் 2018 முதல் கிடைத்தன. அண்டை வீட்டாரை எழுப்பாமல் விடியலில் வண்டியைக் கிளப்பவும் அதில் வழி உண்டு.

இந்த அமைவுகள் நாட்டுக்கு நாடு மாறுவதற்குச் சட்டமே முதற்காரணம். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 51இன் மூன்றாம் திருத்தத் தொகுப்பின்படி, சாதாரணப் பயணிகள் காரின் ஓசை வரம்பு முதற்கட்டத்தில் 72 டெசிபல், இரண்டாம் கட்டத்தில் 70, மூன்றாம் கட்டத்தில் 68. எடைக்கு மிஞ்சிய வலுவுடைய கார்களுக்குச் சற்றுச் சலுகை உண்டு. ஓட்டுநர் மாற்றக்கூடிய அமைவுகள் பல இருந்தால், மிக உரத்த அமைவிலும் வரம்பு மீறக்கூடாது. கலிஃபோர்னியாவிலோ 95 டெசிபல் வரை செல்லலாம். இதைப் படித்துவிட்டு ‘அமெரிக்காவில் 27 டெசிபல் கூடுதல்’ என்று கணக்குப் போடுவது பெரும்பிழை. ஐரோப்பியச் சோதனையில் கார் ஓடிச் செல்லும்போது 7.5 மீட்டர் தள்ளி ஒலிவாங்கி வைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் நிற்கும் காரின் குழாய் முனையிலிருந்து அரை மீட்டரில் வைக்கிறார்கள். ஐரோப்பியப் பெட்ரோல் கார்களில் 2018ஐ ஒட்டிப் பரவிய துகள் வடிகட்டியும் ஓசையை மழுக்குகிறது. அதே காரின் அமெரிக்க வடிவில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

காரின் புகைக்குழாயிலிருந்து எழும் ஓசையின் தனித்தன்மைக்கு ஆங்கிலத்தில் ‘நோட்’ என்கிறார்கள். சுருதி என்றால் மிகையாகிறது. முழக்கம் என்றால் உரத்த ஓசை மட்டுமே தெரிகிறது. மாலையில் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்படும் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருக்கும்போது, அடுத்த தெருவில் புகைமதகு திறந்த கார் ஒன்று போனால், வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் உறுமி மேளமே நினைவுக்கு வருகிறது. ‘உறுமல்’ என்றே எழுதிவருகிறேன்.