ஹாரன் அடிக்குது, செல்ஃப் ஏன் எடுக்கல?

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஹாரன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பினால் பானட்டுக்குள் எங்கோ ஒரே ஒரு 'டக்'. அவ்வளவுதான், என்ஜின் அசையவில்லை.

திருவான்மியூரில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறது எங்கள் அடுக்ககம். போன மே மாதம், கத்திரி வெயிலில், கார்புரேட்டர் காலத்து என் பழைய கார் இப்படித்தான் மக்கர் பண்ணியது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் "பேட்டரி போச்சு சார்" என்றார்கள், மீதிப் பேர் "செல்ஃப் மோட்டார் காலி" என்றார்கள். இதே புகாருக்காக எட்டு மாதம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது பேட்டரி மாட்டி அனுப்பியிருந்தார்கள். ஆகவே இந்த முறை காசை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தேன்.

என்ஜினை முதலில் சுற்றிவிடும் இந்தச் செல்ஃப் மோட்டார் சின்னதுதான், தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. அது எப்படி ஒரு என்ஜினைச் சுற்றுகிறது? அதன் நுனியில் இருக்கும் பெண்டிக்ஸ் சக்கரத்துக்கு எட்டு பத்து பற்கள். அது கடிக்கும் ஃப்ளைவீல் (என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பெரிய சக்கரம்) ரிங் கியருக்கு நூறு பல் போல. பத்து மடங்குக்கு மேல் பலம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. இன்னொரு சூட்சுமம் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் பிடித்தது. கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. கல்லாவைத் திறக்கும் மோட்டார் ஒரு நொடி வேலை செய்துவிட்டு ஓய்வெடுக்கும், அதனால் சின்ன மோட்டாரிடம் அந்த ஒரு நொடிக்கு மட்டும் அளவுக்கு மீறிய வேலை வாங்கலாம். இதே கணக்கில்தான் 1912 மாடல் கேடிலாக் காரில் செல்ஃப் வந்தது. ஆனாலும் நம் ஊரில் பழைய அம்பாசடர்களுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த 'அளவுக்கு மீறிய' வேலைக்குச் சின்னக் காரில்கூட நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கரண்ட் வேண்டும். ஹாரனுக்கு நாலைந்து ஆம்பியர் போதும். குழப்பம் முழுக்க இங்கேதான்.

போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாயின் உள்ளே உப்பு படிந்து துவாரம் சுருங்கியிருக்கும். பல் தேய்க்கத் திறந்தால் தண்ணீர் நன்றாகத்தான் வரும். ஷவரைத் திறந்தால் சொட்டும். டேங்கில் தண்ணீர் குறையவில்லை, வழியில்தான் அடைப்பு. மின்சாரத்தில் இதைக் கணக்காகவே போடலாம். ஓர் இணைப்பில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு ஏறி 0.03 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். கரண்டைத் தடையால் பெருக்கினால் இழப்பு. ஹாரனின் 5 ஆம்பியர் அதில் ஓடும்போது இழப்பு 0.15 வோல்ட், காதுக்கே தெரியாது. செல்ஃபின் 100 ஆம்பியர் ஓட முயன்றால் இழப்பு 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று வழியிலேயே போய்விட்டால் மோட்டார் எப்படித் தம் கட்டும்? வயதான பேட்டரிக்குள்ளும் இதே கதைதான். அதன் உள்தடை கூடிவிடும், விளக்கு எரியும், என்ஜின் சுற்றாது. எனவே 'லைட் எரியுதே' என்பதை வைத்துப் பேட்டரிக்கு நற்சான்றிதழ் தர முடியாது.

ஆனால் அதே விளக்கை வேறு விதமாகக் கேட்டால் பதில் சொல்லும். இருட்டிய பிறகு சுவரைப் பார்த்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். காசு செலவில்லாத சோதனைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. வெளிச்சம் சட்டென்று செத்துப்போனால் பேட்டரி, அல்லது அதன் டெர்மினல் பிடிப்பு. வெளிச்சம் அப்படியே நிற்கிறது, சத்தமே இல்லை என்றால் சாவியின் கட்டளை மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை: இக்னிஷன் ஸ்விட்ச், அங்கிருந்து வரும் மெல்லிய வயர், சோலினாய்டு (மோட்டாரை இயக்கிவிடும் மின்காந்த ஸ்விட்ச்), இந்த மூன்றில் ஒன்று. வெளிச்சம் பெரிதாகக் குறையாமல் ஒரு 'டக்' மட்டும் கேட்டால், கட்டளை போய்விட்டது, அதற்குப் பிறகுதான் கோளாறு.

அந்த 'டக்'கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டாரின் முதுகில் குட்டி உருளையாக உட்கார்ந்திருப்பதுதான் சோலினாய்டு. சாவியிலிருந்து மெல்லிய வயர் இதற்குத்தான் வருகிறது, பேட்டரியின் தடித்த கேபிளும் இதற்கே வருகிறது. உள்ளே ஓர் இரும்புத் தண்டு, அதைச் சுற்றி இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்று தண்டை இழுப்பது, மற்றது இழுத்ததைப் பிடித்து வைப்பது. தண்டு நகரும்போது ஒரு முனை பெண்டிக்ஸை ரிங் கியருக்குள் தள்ளும். மறுமுனையில் இருக்கும் செம்புத் தகடு இரண்டு போல்ட் தலைகளை இணைத்து மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும். 'டக்' என்பது அந்தத் தகடு போய் மோதும் சத்தம்.

பேட்டரி சோர்ந்திருந்தால் வேடிக்கை. தகடு மோதியதும் மோட்டார் கரண்டை உறிஞ்சும், வோல்ட் சரியும், பிடித்து வைக்கும் சுருளுக்குப் பலம் போதாமல் தண்டு பின்வாங்கும். தொடர்பு அறுந்ததும் வோல்ட் மீண்டும் ஏறும், மறுபடி இழுக்கும். நொடிக்குப் பல தடவை இது நடப்பதால்தான் 'கடகடகட' என்று கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் மோட்டாரைக் கழற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் காரில் ஒற்றை 'டக்', விளக்கும் மங்கவில்லை. பேட்டரியில் 12.6 வோல்ட், முழு சார்ஜ். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை என்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நியூட்ரல்லதான் இருக்கு. நான் சொல்றப்ப சாவிய திருப்பி மூணு எண்ணிட்டு விட்டுடுங்க."

"ஒண்ணும் வெடிக்காதே சார்?"

வெடிக்கவில்லை. மீட்டரில் 5.8 வந்தது. ஒரே எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) என்று நாம் நம்பும் இரண்டு இடங்களுக்கு நடுவே அங்கே அரை வோல்ட்கூட இருக்கக் கூடாது. கியர்பாக்ஸில் எர்த் கேபிள் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், கேபிள் நுனியின் உலோக வளையமான லக்குக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. கடற்காற்றும் உப்பும் இருபது வருடமாகச் சேர்த்து வைத்த சொத்து. இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.2. அண்ணன் சாவியைத் திருப்பியதும் என்ஜின் எடுத்துவிட்டது. பத்து ரூபாய் உப்புத்தாள்.

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. சில வாரமாக ஆக்சிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருந்தது, செல்ஃப் அடித்த பிறகு தொட்டால் லேசாகச் சுட்டது. எர்த் வழி அடைபட்டால் கரண்ட் சும்மா இருக்காது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எந்த உலோகக் கயிறு கிடைத்தாலும் அதன் வழியே போகும்.

காலையில் எடுக்கும், மதியம் ஓட்டி நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது என்று சொல்பவர்கள் சென்னையில் நிறைய. இது பிரமை இல்லை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடுகிறது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து 60 டிகிரி கூடுதலாகச் சூடான சோலினாய்டுச் சுருளுக்குத் தடை கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிவிடும், கரண்ட் குறையும், இழுக்கும் பலமும் இறங்கும். காலையில் மயிரிழையில் வேலை செய்தது மதியம் தோற்றுவிடும். ஆறவைத்தால் திரும்ப எடுக்கும். சாமி கும்பிட்டதால் எடுத்ததாக நினைத்துக்கொள்வோம்.

சாவி பக்கத்துக் கோளாறு வேறு ரகம். மயிலாப்பூரில் இருக்கும் என் சித்தப்பா போன் போட்டு, "ஸ்டார்ட் ஆவுதுடா, கைய எடுத்தா நின்னு போவுது. சாவிய புடிச்சிக்கிட்டேவா பீச்சுக்குப் போவணும்?" என்றார். கேட்டதுமே பாதி தெரிந்துவிட்டது. இக்னிஷன் ஸ்விட்ச் என்பது இரண்டு பொருள்கள். முன்னால் சாவி நுழையும் பூட்டு, அதன் பின்னால் பித்தளைத் தொடர்புகள் கொண்ட மின் ஸ்விட்ச். ஸ்டார்ட் நிலையில் ஒரு தொடர்பு வழியாகவும் கை எடுத்த பிறகு ஆன் நிலையில் இன்னொன்றின் வழியாகவும் ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் போவது அவர் காரில் உள்ள ஏற்பாடு. ஆன் தொடர்பு தேய்ந்தால், செல்ஃப் அடிக்கும்வரை ஸ்பார்க் உண்டு, விட்டதும் இல்லை. காயிலின் பாசிட்டிவ் முனையில் டெஸ்ட் லாம்ப் பிடித்துப் பார்த்தோம். சாவியை ஆட்டினால் விளக்கு மினுக்கியது. வேறு சாட்சி வேண்டாம்.

ஏன் தேய்கிறது? ஓடும் டேபிள் ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறக்குமே, அதேதான். சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் தொடர்பு விலகும் கணத்தில் பொறியாக வெளியேறும். பழைய கார்கள் பலவற்றில் சோலினாய்டின் முழுக் கரண்டும், பத்து இருபது ஆம்பியருக்கு மேல், இந்தச் சின்ன பித்தளைத் துண்டு வழியேதான் போகிறது. ஒவ்வொரு முறை சாவியை விடும்போதும் ஒரு பொறி, ஒரு கரும்புள்ளி. நடுவில் ஒரு நாலு பின் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) போட்டுவிட்டால் சாவி சுமப்பது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ரிலேயின் அடியில் 85, 86, 30, 87 என்று எண்கள் இருக்கும். முதல் இரண்டும் சுருளுக்கு, ஒன்றில் சாவி வயர், மற்றதில் எர்த். 30 பேட்டரிக்கு, ஃபியூஸ் வைத்து. 87 சோலினாய்டுக்கு. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஸ்க்ரூடிரைவரால் சோலினாய்டின் இரண்டு போல்ட்டையும் இணைத்து மோட்டாரைச் சோதிப்பதைச் சிலர் வித்தை போலச் செய்வார்கள். கியரில் இருந்தால் கார் உங்கள் மேலேயே ஏறும். என்ஜின் எடுக்கவில்லை என்று முப்பது நொடி சாவியைப் பிடித்துக்கொண்டிருப்பதும் வேண்டாம். சுற்றாமல் நிற்கும் மோட்டார்தான் அதிகக் கரண்டை இழுக்கும், மோட்டாருக்குள் இருக்கும் கார்பனும் ஆர்மேச்சர் சுருளும் கருகுவது அப்படித்தான்.

சித்தப்பாவுக்குப் புது ஸ்விட்சும் ரிலேயும் மாட்டினோம். அவர் சாவிக்கொத்தைச் சித்தியின் சமையலறைத் தராசில் வைத்தேன்: கேட் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி, பித்தளைத் திருப்பதி பாலாஜி, எல்லாம் சேர்த்து 180 கிராம். ஒவ்வொரு பள்ளத்திலும் இத்தனையும் தொங்கி ஆடி ஸ்விட்சை இழுத்திருக்கிறது. பாலாஜி இப்போது டாஷ்போர்டில் இருக்கிறார். பீரோ சாவியைப் பிரிக்க மட்டும் சித்தப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.