காம்ப்சோக்னாதஸ் கோழி அல்ல

காரைக்குடிப் பக்கம் எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஓர் அட்டை கண்ணில் படுகிறது: ‘கோழி டைனோசர்’. மேலே காம்ப்சோக்னாதஸ் என்ற சிறு டைனோசரின் படம். தெருவுக்குத் தெரு ‘செட்டிநாட்டுக் கோழி’ப் பலகை தொங்கும் ஊரில் பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

காம்ப்சோக்னாதஸ் என்ற சொல் கிரேக்கம். கொம்ப்சோஸ் என்றால் நேர்த்தியான, நயமான. க்னாதோஸ் என்றால் தாடை. 1859இல் வாக்னர் என்ற ஜெர்மானியர் சூட்டிய பெயர். கோழிக்கு அதில் இடமே இல்லை.

கோழி நுழைந்தது அளவு வழியாக. ஜெர்மனியின் பவேரியாவில், சுண்ணாம்புக்கல்லில் அச்சுக்குலையாமல் கிடைத்த முதல் எலும்புக்கூடு சுமார் 89 செ.மீ. நீளம், அதிலும் பாதிக்குமேல் வால். ‘கோழியளவு’ என்று படக்குறிப்பில் எழுதுவது சரி. குறிப்பையே பெயராக்குவது என்ன மொழிபெயர்ப்பு? அந்த அளவும் நிலைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் கிடைத்தது சுமார் 125 செ.மீ. முதலாவது வளர்ந்து முடியாத குட்டி என்றே கருதுகிறார்கள். கோழி என்றதும் மனத்தில் இறகு முளைத்துவிடும், அது இன்னொரு தொல்லை. உறவுக்காரரான சீனத்து சைனோசாரோப்டெரிக்ஸில் இறகு போன்ற இழைகள் உண்டு. காம்ப்சோக்னாதஸில் அப்படி ஒரு தடமும் இல்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘சிறுபல்லி’ என்கிறார்கள். இது அதைவிட மோசம். முதல் எலும்புக்கூட்டின் வயிற்றுக்குள் ஒரு சிறு பிராணி கிடந்தது. கருவிலிருந்த குட்டி என்றார் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் மார்ஷ். விழுங்கப்பட்ட பல்லி என்று 1903இல் நொப்சா என்ற இன்னோர் ஆய்வாளர் காட்டினார். தின்றதற்கும் தின்னப்பட்டதற்கும் ஒரே பெயரா? டைனோசருக்குத் ‘தொன்மா’ என்ற நல்ல சொல் இருக்க, பெயரின் கடைசியில் சாரஸ் (கிரேக்கத்தில் பல்லி) என்ற வாலைக் கண்டாலே பல்லியைத் தேடும் பழக்கம் நம்மவர்களை விடவில்லை. இந்தப் பெயரில் அந்த வால்கூட இல்லையே!

‘அழகுத்தாடையன்’ பரவாயில்லை, ஆனால் அழகு என்பது எதற்கும் ஒட்டும். வாக்னர் சொன்னது மெலிந்து செப்பமாக அமைந்த தாடையை. அதற்கு எங்கள் ஆச்சிமார் வாயில் புழங்கும் ‘நறுவிசு’ அச்சாகப் பொருந்துகிறது: நறுவிசுத்தாடையன். கலைச்சொல்லில் பேச்சுவழக்கா என்று முகம் சுளிப்பவர்கள், நறுவிசு அகராதியிலும் இருக்கும் சொல்தானா என்று ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். சிற்றினப் பெயர் லாங்கிப்பெஸ், அதாவது நெடுங்கால். ஆகவே முழுப் பெயர் நெடுங்கால் நறுவிசுத்தாடையன். நீளம் என்பவர்கள் காம்ப்சோக்னாதஸ் லாங்கிப்பெஸை மூச்சுவிடாமல் சொல்லிப் பார்க்கலாம்.